எந்தப் பக்கம் கதவு

இந்தக் கல்லில் என் கால் நிற்காது. காய்ந்த காலே நிற்காது, சேற்றுக் கால் எப்படி நிற்கும்? முதல் நாளே விழுவேன். இடுப்பு போகும். அப்புறம் என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போய்க் குளிப்பாட்ட வேண்டியிருக்கும். அதற்காகவா இத்தனை வருஷம்?

தெய்வநாயகி இதில் ஒரு சொல்லையும் வெளியே விடவில்லை. பொன்னேரியில் ஒரு டைல்ஸ் கடையின் நடுவில், ஏசிக் குளிருக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கல்லில் அவள் முகம் தெரிந்தது. குளிக்கிற இடத்துத் தரையில் முகம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள்.

“எப்படி கீது மா?” என்றான் விக்கி. அவளுடைய ஒரே மகன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

“இது செவுத்துக்கா, தரைக்கா?”

“ரெண்டுக்கும் ஒண்ணேதான். இப்ப அதான் ஸ்டைலு.”

“வழுக்காதா?”

“அதெல்லாம் பழகிடும் மா.”

பழகிவிடும். ஆமாம். அவள் பழகாதது எது? ஏரிக்குள் மார்பளவு தண்ணீரில் முட்டி போட்டு நகரப் பழகினாள். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கப் பழகினாள். பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்த மறுநாளே தட்டி மறைவில் குளிக்கப் பழகினாள். இனியும் பழக வேண்டுமென்றால் எதற்குப் புது வீடு?

வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போட்ட அன்று விக்கிதான் சொன்னான். “ஹாலு நைனா இஷ்டம், பெட்ரூமு என் இஷ்டம், பாத்ரூமு எங்கம்மா இஷ்டம்.” சித்தாளுகள் எல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை அப்படியே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஏரியில் சேற்றைத் தடவிக்கொண்டே அந்த அறையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கொல்லைப் பக்கம் கதவு. ஏரியிலிருந்து வந்தால் நேராக உள்ளே போகலாம். சொரசொரப்பான தரை. நாற்காலி உயரத்துக்கு ஒரு திட்டு, உட்கார்ந்து குளிக்க. உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற மாதிரி தாழ்வாக ஒரு குழாய். உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

தாழ்ப்பாளை மட்டும் அவள் தினமும் ஒரு முறையாவது போட்டுப் பார்த்துக்கொள்வாள், மனசுக்குள்.

“ஐயா, ஐயா, அதுல உக்காராதீங்க,” என்று கடைப்பையன் ஓடினான். அவள் புருஷன் கோதண்டம் கால் வலிக்கிறதென்று வரிசையாக வைத்திருந்த கம்மோடுகளில் ஒன்றின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான்.

“ஏன், இது உக்கார்றதுக்கு இல்லையா?”

“அது டிஸ்ப்ளே ஐயா.”

“யோவ், எந்திரி,” என்றாள் தெய்வநாயகி. “நீ இன்னாத்துக்கு உக்காந்தன்னு அந்தப் பையன் பயந்து போயிட்டான் பாரு.”

கோதண்டம் எழுந்தான். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. கடைப்பையனிடம், “சொரசொரன்னு கல்லு எதுனா கீதா பா?” என்று கேட்டாள்.

பின்னால் ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் தரையில் கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள். முட்டி இரண்டும் மளுக்கென்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தடவினாள். தண்ணீருக்கு அடியில் கைதான் அவளுக்குக் கண். இறாலா, நண்டா, கிளிஞ்சலா, உடைந்த பாட்டிலா என்று விரல் சொல்லிவிடும். மூன்றாவது கல்லில் விரல் நின்றது. மணல் மாதிரி, ஆனால் கிழிக்காத மணல்.

“இது போதும்.”

கடைப்பையன் விக்கியைப் பார்த்தான். “அண்ணா, இது பார்க்கிங் டைல்ஸ். கார் நிக்கிற எடத்துக்குப் போடறது.”

“காரே வழுக்காதுன்னா நானும் வழுக்க மாட்டேன் இல்ல?”

கோதண்டம் சிரித்தான். விக்கி சிரிக்கவில்லை. குனிந்து அவள் காதருகே, “எந்திரிம்மா. எல்லாரும் பாக்கறாங்க. தரையில உக்காந்துக்கினு,” என்றான். அவன் கையைப் பிடித்து எழுந்தாள். அவன் கை பதமாகத்தான் தூக்கியது. அம்மாவுக்கு முட்டி வலி என்று அவனுக்குத் தெரியும். வெஸ்டர்ன் வைக்கலாம் என்று முதலில் சொன்னவனே அவன்தான். இதை நினைத்ததும் அவளுக்குக் கோபப்படவும் முடியாமல் போனது. முழுசாகக் கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்து குழாய்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஷவர். மழை மாதிரிக் கொட்டுமாம். சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் ஒரே பிடியில் திரும்புமாம். எல்லாம் கண்ணைக் கூச வைத்தன.

“எங்க ஊரு போர் தண்ணி உப்பு பா. இது நிக்குமா?” என்று கேட்டாள்.

“வாரத்துக்கு ஒருக்கா துணியால தொடச்சிட்டீங்கனா புதுசாவே இருக்கும்மா.”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். போன மாதம்தான் படகு இன்ஜினில் நாலு போல்ட்டை மாற்றினான். உப்பு இரும்பைத் தின்கிறது, பித்தளையைத் தின்கிறது, ஆளையே தின்கிறது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டு மாற்றினான். உப்பு என்ன செய்யும் என்று அவனைவிடத் தெரிந்த ஆள் இந்தக் கடையில் கிடையாது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கோதண்டம் குழாயைத் திருகிப் பார்த்தான். “பளபளன்னு கீதுடா,” என்றான்.

கடைசியில் வெள்ளைக் கல், தட்டு ஷவர், வெஸ்டர்ன், கண்ணாடி வைத்த பெட்டியோடு ஒரு வாஷ்பேசின் எல்லாம் முடிவானது. கடைப்பையன் சுவருக்கு ஓரமாக ஓடுகிற பட்டைக் கல்லில் இரண்டு மாதிரி எடுத்து வந்தான். ஒன்றில் நீலப் பூ, ஒன்றில் பழுப்புப் பூ.

“இது நீ சொல்லும்மா. உன் இஷ்டம்,” என்றான் விக்கி.

“நீலம்,” என்றாள். அவன் திருப்தியாகத் தலையாட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக நம்புகிறான்.

பழவேற்காடு பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. கோதண்டம் முன்னால் யாருடனோ வலை விலை பேசிக்கொண்டிருந்தான். விக்கி பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான். அவன் கட்டிக்கொள்ளப் போகிற ஷாலினி அனுப்பியிருந்த படங்கள். காட்டூரில் அவர்கள் வீட்டுப் பாத்ரூம்.

“இவங்க வீட்டுல மூணு வருஷமாவே அட்டாச் தான் மா. அதான் நானும் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். கதவை பெட்ரூம் உள்ளாற மாத்தித் தரச் சொல்லி.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“கொல்லைப் பக்கம்தானே வாசல் உட்டு கட்டிகீது.”

“அத மூடிட்டு, பெட்ரூம் செவுத்துல ஒடச்சா முடிஞ்சிது. ஒரு நாள் வேலை.”

“அப்ப நானு?”

“நீ எப்ப வேணா வந்துக்கலாம் மா. உன் வீடுதானே.”

“சேத்தோட உங்க ரூமுக்குள்ள எப்படிடா வர்றது?”

அவன் கொஞ்சம் யோசித்தான். அவளுக்காகத்தான் யோசித்தான், அதுவும் தெரிந்தது. “பின்னாடி தட்டிலயே மேலுக்கு ஊத்திக்கினு வந்துடேன். அப்புறம் உள்ள வந்து நல்லா குளிச்சிக்க.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். புதுசாகக் கல்யாணம் ஆன இரண்டு பேர் இருக்கிற அறை. கதவு சாத்தியிருக்கும். ஈரத்துணியோடு நின்று அதை ஒரு மாமியார் தட்டுவாள். தட்டமாட்டாள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ‘எப்ப வேணா’ என்றால் எப்பவும் இல்லை என்றுதான் அர்த்தம். இவ்வளவு சுலபமான கணக்கை அவன் ஏன் போட்டுப் பார்க்கவில்லை?

ஷாலினி மேலும் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. புது வீட்டில், புது ஆட்களுக்கு நடுவில், குளிக்கக் கொல்லைக்குப் போக வேண்டும் என்றால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியாதா? இவளே விடியும் முன்னால், மாமனார் எழுந்திருக்கும் முன்னால், சத்தம் வராமல் சொம்பைச் சாய்த்துக் குளித்தவள்தான். அந்தப் பெண்ணுக்கு அது வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்றால் எனக்கு வேண்டும் என்று ஏன் ஆகிறது?

கேட்கவில்லை. இறங்கும் இடம் வந்துவிட்டது.

மறுநாள் ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. எட்டு பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். தெய்வநாயகி முட்டி போட்டு உட்கார்ந்தாள். சேறு வழக்கம்போல மெத்தென்று ஏற்றுக்கொண்டது. வலது முட்டியில் கிளிஞ்சல் குத்தியது, நகர்ந்துகொண்டாள். வாயில் பறி இருந்தால் பேச முடியாது. இந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். மூன்று மணி நேரம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்று உள்ளே ஓயவில்லை. விரல் இறாலைத் தவறவிட்டது. ஒரு நண்டு கட்டைவிரலைக் கவ்விவிட்டுப் போனது. கட்டிக்கொண்டிருந்த அறையைத் தேடினாள். கல் கல்லாக இத்தனை நாள் வைத்திருந்தாள். தரை வெள்ளையாகிவிட்டது, குழாய் மேலே போய்விட்டது, திட்டு இல்லை. கதவும் சுவரின் அந்தப் பக்கம் போய்விட்டது. மீதி என்ன இருக்கிறது? நீலப் பூ.

கரையில் இறாலைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது சேறு காய்ந்து தோலை இழுத்தது. கொல்லையில் பழைய வலையும் கட்சி பேனரும் சேர்த்துக் கட்டிய தட்டி. உள்ளே ஒரு கருங்கல். பாவாடையை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். லாரியில் பிடித்து வைத்த நல்ல தண்ணீர் ஒரு குடம். போர் தண்ணீரில் உப்புக்கு மேல் உப்பு, சோப்பு நுரைக்காது. துணிக்குள் கையை விட்டு, ஒரு பக்கம், மறு பக்கம், அவசரமாக. பக்கத்துச் சந்தில் ஒரு பைக் போனது. குனிந்து தலையை முட்டியில் வைத்து அது போகும்வரை அப்படியே இருந்தாள். தட்டி நன்றாகத்தான் மறைக்கிறது. ஆனாலும் குனிந்தாள். இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு பைக்குக்கும் குனிந்திருக்கிறாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு துணியும் இல்லாமல் தன் உடம்பின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் ஊற்றியதே இல்லை. மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் பார்த்த உடம்பு. புருஷன் இருட்டில் தொட்ட உடம்பு. அவள் மட்டும் அதை நிதானமாகப் பார்த்ததில்லை. உப்புத் தண்ணீர் இடுப்பு மடிப்பில் என்ன செய்திருக்கிறது, முதுகில் அரிக்கிற இடம் எப்படி இருக்கிறது, எதுவும் தெரியாது. தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையில், உட்கார்ந்து, அவசரமில்லாமல், கழுத்திலிருந்து கால்வரை ஒரே ஒரு முறை. இதை யாரிடம் சொல்ல முடியும்? மகனிடமா? சொன்னால் தட்டியே இல்லாமல் குளித்த மாதிரி வெட்கமாக இருக்கும். அதனால்தான் வழுக்கும், உப்பு, முட்டி என்று வேறு வேறு காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் அது இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆல்வின் மேஸ்திரி வந்தார். விக்கி லீவு போட்டிருந்தான். பெட்ரூமில் ஜன்னலுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை, வெயில் நேராக உடைக்கப்போகிற சுவரில் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். மேஸ்திரி டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, “அக்காவைக் கூப்பிடுப்பா,” என்றார்.

தெய்வநாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

“மேஸ்திரி,” என்றாள், “ரெண்டு பக்கமும் வாசல் வச்சா ஆவாதா?”

மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வி. மேஸ்திரி கொல்லைப் பக்கம் திறந்திருந்த வாசலை எட்டிப் பார்த்தார். “ஆவும்க்கா. அந்தக் கண்ணாடிப் பெட்டி பேசின் தான் எடத்த அடைக்குது. சின்னதா மூலை பேசின் போட்டா தாராளமா ரெண்டு வாசல் வரும்.”

“பெட்டி வாங்கியாச்சு,” என்றான் விக்கி.

“மாத்திக் குடுப்பாங்க பா.”

“அதுக்கில்ல மேஸ்திரி. ரெண்டு கதவு இருந்தா அது எப்படி அட்டாச்? அவ உள்ள இருக்கசொல்ல வெளியிலேந்து யாரோ தட்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?”

யாரோ. தெய்வநாயகி அந்தச் சொல்லைக் கேட்டாள். அவன் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. நினைத்துச் சொல்லாததுதான் வலித்தது.

கோதண்டம் சுவரில் சாய்ந்து பீடியைப் புரட்டிக்கொண்டிருந்தான். “சின்னப் பசங்க, அவங்க வாழப்போறாங்க. நமக்கு இன்னாமே, இருந்தது மாதிரி இருந்துட்டுப் போலாம்,” என்றான்.

“நமக்கா?” என்றாள். “நீ ஏரியிலயே முழுக்குப் போட்டுட்டு லுங்கிய பிழிஞ்சிக் கட்டிக்கினு வந்துடுவ.”

“அதான் நீயும்...” என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். சிமெண்டு அள்ளுகிற பாண்டுச் சட்டியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். “சரி, பேசி முடிச்சீங்கனா அக்கா வந்து கோடு போடட்டும். நான் வேலையப் பாக்கறேன்.”

“அம்மா எதுக்கு? நானே போடறேன், குடுங்க,” என்றான் விக்கி.

“இல்லப்பா. எழுந்து நிக்கிற செவுத்த ஒடச்சி வாசல் எடுக்கிறதுன்னா அந்த வீட்டுப் பொம்பள கையால கரிக்கோடு போடணும். இல்லன்னா நான் உளி வைக்க மாட்டேன். என்னோட வேல செய்ற ஆளுங்க யாரும் வைக்க மாட்டாங்க. ரெண்டு எடத்துல ஆம்பளைங்க கைய காட்டுனாங்கன்னு ஒடச்சிட்டு, அப்புறம் அந்தப் பொம்பளைங்க வாயில உழுந்து, திரும்ப நானே அடைச்சிக் குடுத்துட்டு வந்தேன். வேணாம்பா.”

“எங்கம்மாவா சண்ட போடப்போவுது?” விக்கி சிரித்தான். கரித்துண்டை வாங்கி அவள் கையில் வைத்தான். “போடும்மா. இங்கேந்து நேரா கீழ ஒரு கோடு, இங்க ஒரு கோடு. அவ்ளோதான். இன்னிக்கி ஒடச்சாதான் ஞாயித்துக்கிழம ஷாலினி வீட்டுல வர்றதுக்குள்ள பூசி முடிப்பாங்க.”

கரி லேசாக இருந்தது. அவள் சுவர்வரை நடந்தாள். செங்கல்லும் சிமெண்டும், இன்னும் பூசாத சுவர். இடது கையால் தடவிப் பார்த்தாள், பழக்கத்தில். சொரசொரப்பாக, வெயிலில் சூடாக இருந்தது.

போட்டுவிடலாம். இரண்டு கோடு. மகன் சந்தோஷப்படுவான். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு அம்மாக்காரி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாள் என்பார்கள். அதையும் அவள் பழகிக்கொள்வாள். போடாவிட்டால் என்ன ஆகும்? இந்த மேஸ்திரி இல்லையென்றால் நாளைக்கு வேறொரு மேஸ்திரியைக் கூட்டி வருவான். சுவர் எப்படியும் உடையும். அப்படியென்றால் என் கோடு எதற்கு? சுவரை உடைக்கவா, அல்லது இதை நானே கேட்டேன் என்று ஆக்கவா?

இதுவரை அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. தட்டியைக் கட்டியபோது யாரும் கேட்கவில்லை. கருங்கல்லைப் போட்டபோதும் கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்தாள், அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் முறையாக இப்போதுதான் கேட்கிறார்கள்.

“இன்னா மா யோசன? கை எட்டலயா? ஸ்டூல் போடட்டா?”

“எட்டுது.”

“அப்புறம் போடேன்.”

அவள் திரும்பினாள். மகனின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவன் இன்னும் பாதி சிரிப்பில் இருந்தான். குரலை உயர்த்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“நான் போட மாட்டேன் டா.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. போட மாட்டேன்.”

விக்கி அப்பாவைப் பார்த்தான். கோதண்டம் பீடியைப் பார்த்தான். மேஸ்திரி டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். தெய்வநாயகி கரித்துண்டைச் சட்டிக்குள் வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த கருப்பைப் புடவையில் துடைக்காமல், கையை அப்படியே பிடித்துக்கொண்டு, சுவருக்கு முன்னால் நின்றாள்.